பச்சோந்திக் குட்டிக்கு எவ்வளவு உணவு?

சென்ற மழைக்காலத்தில், சிலமலையிலிருந்து நம் வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் கையில் ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தார். உள்ளே ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குட்டி. இலவந்தோப்பின் வேலியை வெட்டியபோது கிடைத்ததாம். பெட்டியின் மூலையில் மூடி நிறையத் தண்ணீர். சுற்றிலும் பத்துப் பதினைந்து வெட்டுக்கிளிகள். குட்டியோ பட்டப்பகலில் கண்களை மூடிக் கிடந்தது.

"ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை பூச்சி போடலாம்? எவ்வளவு போட்டாலும் தின்ன மாட்டேங்குது" என்றார்.

தமிழாசிரியரிடம் கேட்கத் தகுந்த வினாவன்று. ஆயினும் அந்தப் பரிவை நாம் மதித்தோம். போடிப் பகுதிச் சிறுவர்கள் ஓணானைக் கண்டால் கல்லெடுப்பவர்கள். இராமனுக்கு அணில் உதவிய கதையில் ஓணானுக்குக் கிடைத்த கெட்ட பெயர் இன்னும் தீரவில்லை. அந்தப் பழி பச்சோந்தியின் தலையிலும் விழுகிறது. கல்லெடுக்காமல் பெட்டியெடுத்த பிள்ளையைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. எனவே விலங்கு மருத்துவம் அறிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் சிலவற்றை அறிந்துகொண்டோம்.

அயல்நாடுகளில் பச்சோந்தி வளர்ப்போர் கைக்கொள்ளும் விதி எளிது. இரையின் பருமன் குட்டியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை மீறக்கூடாது. வளரும் குட்டிக்கு நாள்தோறும் உணவு வேண்டும்; வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சிறிது நேரத்தில் தின்று முடிக்கும் அளவே இட வேண்டும். மிஞ்சிய பூச்சிகளை உள்ளே விட்டுவைத்தால், இரவில் அவை உறங்கும் குட்டியையே கடிக்கும். நம் மாணவர் இட்டவையோ குட்டியின் தலையளவு பெரியவை.

தேங்கிய நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே உணர்வதில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். மூடி நிறையத் தண்ணீர் இருந்தும் அது தாகத்தில் கிடந்தது இதனால்தான்.

இவற்றைக் காட்டிலும் நம்மைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் உணவின் அளவைத் தனியே பேசுவதில்லை. முன்னுண்டது செரித்ததா என்பதோடும், வயிற்றுத்தீ எவ்வளவு என்பதோடும் சேர்த்தே பேசுகிறார். நமக்கு அந்தத் தீ உடலுக்குள் இருக்கிறது. பச்சோந்திக்கு அது வெளியே, வானத்தில் இருக்கிறது. வெயிலில் உடல் சூடேறினால்தான் அதற்குச் செரிக்கும். மழைநாளில், இருண்ட பெட்டியில், எத்தனை வெட்டுக்கிளிகளை இட்டாலும் அவை உணவாகா. வயிற்றுக்குள் போனாலும் சுமையே. மேலும் வெயிலின் புறஊதாக் கதிர் இல்லாவிடில் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. எலும்பு வளையும், நாக்கை நீட்டி இரை பிடிக்கும் ஆற்றலும் குன்றும். ஆகவே 'எத்தனை பூச்சி' என்ற வினாவுக்கு விடை எண்ணில் இல்லை.

பூச்சி எங்கிருந்து வந்தது என்பதும் அளவைச் சேர்ந்ததே. நம் ஊருக்கு மேலே ஏலமலைத் தோட்டங்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பது மிகுதி. கீழே தோப்புகளிலும் வயல்களிலும் மருந்தடிப்பு உண்டு. மருந்தடித்த செடியில் சோர்ந்திருக்கும் பூச்சியைப் பிடிப்பது எளிது. ஆனால் அப்படி எளிதில் அகப்பட்ட பூச்சி ஒன்றே குட்டிக்கு மிகையாகிவிடும்.

வளர்ப்பதால் விலங்கின்மேல் அன்பு பெருகாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். அன்பு பெருகலாம், அந்த அன்பைத் தாங்கும் கடமை மட்டும் விலங்கின் தலையில் விழுகிறது. முட்டையிட்டு மண்ணில் புதைத்ததும் தாய்ப் பச்சோந்தி போய்விடுகிறது. குட்டி பிறந்த நாள் முதல் தானே இரை தேடிக்கொள்கிறது. இரு கண்களையும் வெவ்வேறு திசைகளில் சுழற்றித் தனக்கேற்ற இரையைத் தெரிந்தெடுக்கும் உயிருக்கு, உணவளக்க நாம் எதற்கு? சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இதை அந்த மாணவர் அறிந்திருக்கவில்லை. நாமும் அன்றுவரை சரிவர அறிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

அறியாமை நம் மொழியிலும் இருக்கிறது. குறுந்தொகையின் 140ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் பாலைவழியில் ஒரு முதிய ஓந்தியைக் காட்டுகிறார். வழிப்போவோர் அதை வைத்து நிமித்தம் பார்க்கின்றனர். முதுகின் அமைப்புவரை நோக்கிய கண் அது. நாமோ கட்சி மாறுவோரை ஏசுவதற்கு மட்டும் 'பச்சோந்தி' என்கிறோம். அது நிறம் மாறுவது ஏமாற்றுவதற்காக மட்டுமன்று. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும், தன் இனத்தோடு பேசவும் மாறுகிறது. தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை, மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆய்ந்த ஜெனீவா ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். பெட்டிக்குள் கருத்துக் கிடந்த குட்டி நம்மிடம் எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம் உணவை இட்டுக்கொண்டிருந்தோம்.

மாணவர் வனக்காவலர் ஒருவரிடம் செய்தியைச் சொன்னார். அவர் சொற்படி, எடுத்த இடத்திற்கு அருகிலேயே, வெட்டப்படாமல் எஞ்சியிருந்த வேலியில் குட்டியை விட்டனர். நாமும் உடனிருந்தோம். சிறு தூறல் பெய்து ஓய்ந்திருந்தது. வெகுநேரம் அசையாதிருந்த குட்டி, மெல்லத் தலை நீட்டி இலைநுனித் துளியை நக்கியது. பிறகு எவ்வளவு தின்றதோ, நாம் அறியோம்.

அந்த வேலியின் மீதியை வெட்ட வேண்டாம் என்று மாணவர் தம் தந்தையாரிடம் கேட்டிருக்கிறார். அவர் இன்னும் விடை சொல்லவில்லை. வேலி நின்றால் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தால் அளவை அது பார்த்துக்கொள்ளும்.