பிள்ளைகள் கையில் மைக்கைக் கொடுங்கள்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்துப் பெண்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை! தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை. செல்போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த நேரத்தில் என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. "குளம் உடைஞ்சிருச்சு, இன்னும் அரை மணி நேரத்துல தண்ணி வந்துரும், ஓடுங்க" என்று யாரோ ஒருவர் பதறுகிறார். எந்தக் குளம், எந்த ஊர், என்றைக்குப் பேசியது, எதுவும் அதில் இல்லை. நான் யோசிக்கவே இல்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவே மாடி வீடு தேடி இருட்டில் ஓடியது. எதிர்வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் படியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். நல்லவேளை, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எப்போதோ, வேறு எந்த ஊரிலோ பேசிய பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மழையில் பல ஊர்களில் குளங்கள் உடைந்தது நிஜம். ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த செய்தி பொய். அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கும் அந்தப் பெண் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் மாமியார் அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏட்டி, இதைப் பாத்தவன் சொன்னானா, கேட்டவன் சொன்னானா?" பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன எனக்கு அந்தக் கேள்வியை யாரும் சொல்லித் தரவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் மகள் படிக்கும் பள்ளியில் அதைச் சொல்லித் தர ஆரம்பித்திருக்கிறார்கள். அவள் ஒன்பதாம் வகுப்பு. காலை இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறள், அதற்குப் பிறகு செய்தி வாசிப்பு எல்லாப் பள்ளியிலும் உண்டுதானே! ஆறு தலைப்புச் செய்திகளைப் பேப்பரிலிருந்து காப்பி எடுத்து, மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். வாசிக்கிற பிள்ளைக்கும் புரியாது, வெயிலில் நிற்கிற பிள்ளைகளுக்கும் புரியாது. இதைப் பார்த்த ஓர் ஆசிரியை, வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பத்து நிமிஷம் ஒதுக்கிக் கொடுத்தார். இருக்கிற ஒலிபெருக்கியே போதும். செய்தி சேகரிப்பது, எழுதுவது, வாசிப்பது, ஆம்ப்ளிஃபையரைக் கவனிப்பது எல்லாம் பிள்ளைகள் வேலை. ஒரே ஒரு நிபந்தனை. நம் ஊர்ச் செய்தியாக இருக்க வேண்டும். யாரிடம் கேட்டோம் என்று சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிச் செய்தி. என் மகள் "45 நாள்" என்று எழுதி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னாராம். கூடப் படிக்கும் பெண்ணின் அப்பா விசைப்படகில் போகிறவர். "அது அந்தக் காலம் தாயி, இப்போ ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள்" என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சண்டை போட்டு, பழைய பேப்பர்களைப் புரட்டிப் பார்த்து, 61 நாள்தான் சரி என்று கண்டுபிடித்தார்கள். தாத்தா சொன்னதும் பொய்யில்லை, முன்பு 45 நாளாகத்தான் இருந்தது. இந்த ஒரு செய்தியில் என் மகள் கற்றுக்கொண்டதை நூறு பக்கப் பாடத்திலும் கற்றிருக்க மாட்டாள்.

ஆனால் வீட்டில் எதிர்ப்பு வந்தது. "இதுக்கு மார்க் உண்டா? பொம்பளைப் பிள்ளைக்கு மைக் எதுக்கு?" என்றார் என் கணவர். அவருக்குப் பதில் சொன்னதும் என் மாமியார்தான்! "இலங்கை வானொலியில ராஜேஸ்வரி சண்முகம் பேசினா, அடுப்புல இருக்கிறதை மறந்து கேட்டுக்கிட்டு நின்னோமே, அது பொம்பளைக் குரல் இல்லையாடா?" கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அதன் பிறகு என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வீட்டு மாநிலத்தைப் பாருங்கள். 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தது நமக்கும் நினைவிருக்கும். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் இதைப் பார்த்துவிட்டு, பொய்ச் செய்தியை அடையாளம் காண 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பே தொடங்கினார்கள். 2018-ல் அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் குழுக்கள் வந்தன. பிள்ளைகளே கேமரா பிடித்துப் பள்ளி நிகழ்ச்சிகளைப் படமெடுத்து 'விக்டர்ஸ்' கல்வித் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறார்கள். அந்த விக்டர்ஸை 2005-ல் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? நம் கடற்கரைப் பிள்ளை, ராமேஸ்வரத்து அப்துல் கலாம்! ஓடும் ரயிலிலிருந்து வீசும் பேப்பர் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போடச் சிறு வயதில் உதவியவர் அவர்.

நம் மாநிலத்திலும் ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலியே 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வந்ததுதான். பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' வானொலி 2016-ல் வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வந்தன. ஆனால் தொலைக்காட்சியில் பாடம் நடக்கிறது, பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்ப்பதும் கேட்பதும் மட்டும் போதுமா? சமையலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை மணம் வந்துவிடுமா? ஒரு செய்தியைத் தானே தேடி, தானே எழுதிய பிள்ளைதான் மற்றவன் எழுதியதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கும்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. பெண் பிள்ளைகளின் முகமும் குரலும் இன்டர்நெட்டில் ஏறினால் யார் கையில் எப்படிப் போகுமோ! அதனால்தான் சொல்கிறேன், பள்ளிச் சுவருக்குள் கேட்டால் போதும். காற்றலையில் ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். பள்ளி மைதானத்து ஒலிபெருக்கிக்கு மனசு இருந்தால் போதும். வீடியோ வேண்டாம், போன் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கேள்வி கேட்கத் துணிச்சல்.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, நன்றாகப் பேசுகிற நாலு பிள்ளைகளையே மேடையேற்றாமல், கூச்சப்படுகிற பிள்ளைக்கும் முறை வரட்டும். இரண்டு, வாசிப்பதை மட்டும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு ஒயரையும் மெஷினையும் ஆண் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மூன்று, தப்பான செய்தி சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அதே மைக்கில் "நாங்கள் சொன்னது தவறு" என்று சொல்லட்டும். பெரியவர்கள் நமக்கே வராத பழக்கம் இது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அதைக் கொண்டுவந்த அண்டிரிக் பாதிரியார் எங்கள் பக்கத்துப் புன்னைக்காயலில் இருந்து வேலை செய்தவர். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறை மக்கள். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே அச்சுக்குக் காசு கொடுத்த கடற்கரை, இன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் கொடுக்கக் கூடாதா?

போன மாதம் என் போனில் மறுபடியும் ஒரு புயல் எச்சரிக்கை வந்தது. அனுப்பப் போன என் கையை மகள் பிடித்துக்கொண்டாள். "அம்மா, தேதி பாத்தியா?" என்றாள். பார்த்தேன். அது பழைய புயல்.

தோழியரே, உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, தூத்துக்குடி.