வெயில் ஊருக்கு வேண்டாத வால்வு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி சுமார் 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரை தாண்டிக் கல்லாறு வரை சாதாரணச் சாலை. அப்புறம் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போகப் போக மூடுபனி இறங்கும். சுற்றுலா வருகிறவர்கள் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுப்பார்கள். அந்தக் குளிரில்தான் எங்கள் தெரு அண்ணாச்சியின் லாரி, ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக, கொதித்து நின்றது.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன அவருடைய மகனுக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. பத்தொன்பது வயதுப் பையன். ஆஸ்பத்திரியிலிருந்து அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "சார், வண்டிய வித்துரலாம்னு இருக்கேன். பிள்ளை தோலை உரிச்சித்தான் பொழைக்கணும்னு இல்ல."

அண்ணாச்சிக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். இரண்டு தலைமுறையாக சாலை பஜாரில் பிழைப்பு. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் தமிழ் பேசும் வியாபாரி யாராக இருந்தாலும் ‘அண்ணாச்சி’தான். லாரிக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். தேசிய பெர்மிட்டுக்கான வயதைத் தாண்டிவிட்டதால் கேரளத்துக்குள் மட்டும் ஓடுகிறது. மலைக்குப் போகும்போது சிமெண்ட், அரிசி, திரும்பும்போது வாழைக்குலை. கடன் அடைந்து பல வருஷமாகிவிட்ட வண்டி. அதனால்தான் இன்றைய டீசல் விலையிலும் அது கட்டுப்படியாகிறது. அதை விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். புது லாரிக்குக் கடன் வாங்க அவர் வயதும் இடம் தராது.

வண்டி முதல் தடவை கொதித்தபோது ரேடியேட்டரைக் கழற்றி கோர் மாற்றினார்கள். இரண்டாவது தடவை வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட்டும் மூடியும் புதுசு. அடுத்தது ஹெட்டைக் கழற்றி பேக்கிங் மாற்ற வேண்டும் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் நாள் குறித்திருந்தார்கள். விற்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டலாமே என்று பாப்பனங்கோடு பக்கம் ஒரு மேஸ்திரியிடம் கூட்டிப் போனேன். மார்த்தாண்டத்துக்காரர். எழுபதை நெருங்குபவர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் பத்து நிமிஷம் கேள்விதான் கேட்டார். சமதளத்தில் கொதிக்கிறதா? இல்லை. காலையில் ஹீட் மீட்டர் முள் எழும்புகிறதா? நெடுமங்காடு தாண்டியும் எழும்பாது. டீசல் முன்னைவிட அதிகம் குடிக்கிறதா? ஆமாம், மூன்று நாலு வருஷமாக.

என்ஜின் ஆறியதும் மேல் ஹோஸ் பைப் போய்ச் சேரும் கூட்டின் போல்ட்டுகளை மட்டும் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்குள்ள தெர்மோஸ்டாட்டே இல்லியே அண்ணாச்சி. ஆரு எடுத்துக் களஞ்சா?"

அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன் வண்டி திடீரென்று ஹீட் ஆனது. வழியில் ஒரு மெக்கானிக் அந்த வால்வை எடுத்து வீசினார். இது குளிர் நாட்டுக்காரன் வைத்த சாமான், நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். வண்டியும் உடனே சரியாகிவிட்டது. அவருக்கு நன்றி சொல்லி டீக்குக் காசும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் அண்ணாச்சி.

இந்த வாக்கியத்தைக் கேட்காத லாரிக்காரர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குறைவு. அது எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. டாடா நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டுடன் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. நம் நெடுஞ்சாலைகளில் ஓடிய பழைய என்ஜின்களின் வம்சாவளி பனி பெய்கிற ஊர்களைச் சேர்ந்தது. எனவே அதில் புரியாத பாகம் எதுவானாலும் பனிக்காக வைத்தது என்று நினைத்துக்கொள்வது சுலபம். வீசியெறிந்த பிறகும் வண்டி ஓடுகிறது என்பதால் அந்த நம்பிக்கை தலைமுறை தாண்டி நிற்கிறது.

உண்மையில் இந்த வால்வின் வேலைக்கும் பனிக்கும் சம்பந்தம் குறைவு. டீசல் என்ஜின் நன்றாக வேலை செய்ய அதைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 80-லிருந்து 95 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் இருக்க வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் வெளியே 5 டிகிரி என்றால் திருவனந்தபுரத்தில் 30. இரண்டுமே 80-க்கு வெகு தூரம். என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் உள்ளேயே சுற்றவிட்டு, சூடு ஏறியதும் வழி திறப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் உத்தியோகம்.

அது திறக்கும் விதம் அழகானது. கரண்டும் கிடையாது, கம்பியும் கிடையாது. ஒரு சின்னப் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. குறிப்பிட்ட சூட்டில் மெழுகு உருகி விரியும். அந்த விரிவு ஒரு தண்டைத் தள்ள, வால்வு திறக்கும். ஆறினால் சுருங்கும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் உருவாக்கியது. இன்றைய கார்களிலும் பெரும்பாலும் இதே மெழுகுதான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? சமதளத்தில் என்ஜின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும். டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். குளிர்ந்த சுவரில் ஈரம் படியும். லைனரும் ரிங்கும் சீக்கிரம் தேயும். அண்ணாச்சியின் டீசல் கணக்கு நாலு வருஷமாக ஏறியதற்கு இது ஒரு காரணம்.

சரி, குளிர்ந்து ஓடுகிற வண்டி மலையில் ஏன் கொதித்தது? அண்ணாச்சியும் அதைத்தான் கேட்டார். மேஸ்திரி கரித்துண்டால் சுவரில் படம் போட்டார். இந்த மாதிரி என்ஜின்களில் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்கு. இன்னொன்று பைபாஸ் என்கிற குறுக்குவழி, நேராகப் பம்புக்கே திரும்புவது. தெர்மோஸ்டாட்டில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. சூடு ஏறும்போது மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்; அதே அசைவில் கீழ்த் தட்டு குறுக்குவழியை அடைக்கும். வால்வை எடுத்துவிட்டால் குறுக்குவழியை அடைக்க ஆளில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பும். சமதளத்தில் இது தெரியாது. முழு லோடுடன் இரண்டாவது கியரில் 22 வளைவு ஏறும்போது தெரியும். எல்லா என்ஜினிலும் இந்த அமைப்பு இல்லை. இருக்கிற என்ஜினில் வால்வைக் கழற்றினால், எந்த ஹீட்டுக்குப் பயந்து கழற்றினோமோ அதுவே வந்து சேரும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக மேஸ்திரி சொன்ன முறையைத் தருகிறேன். காலையில் ஆறின என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேனிலிருந்து வேட்டி நுனியும் துண்டும் தள்ளியே இருக்கட்டும். வால்வு நல்ல நிலையில் இருந்தால் ஹோஸ் சில நிமிஷம் குளிர்ந்தே இருக்கும்; மீட்டர் முள் நடுப்பக்கம் வந்தபிறகு சட்டென்று சுடும். முதலிலிருந்தே மெள்ள மெள்ளச் சூடேறினால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. முள் சிவப்புக்குப் போயும் ஹோஸ் குளிர்ந்திருந்தால், மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் குறைவாக இருந்தாலோ பம்ப் சுற்றாவிட்டாலோகூட அப்படி ஆகும். ஆகவே தண்ணீர் அளவு, பெல்ட், ரேடியேட்டர் கோரில் அடைத்த தூசி ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். ஹீட் மீட்டரையும் முழுதாக நம்பக் கூடாது. தண்ணீர் அடியோடு வற்றிவிட்டால் சென்ஸர் வெறும் ஆவியில் நிற்கும். முள் இறங்கிக்கூடக் காட்டும்.

கழற்றிய வால்வைச் சோதிக்க அடுப்படி போதும். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடேற்ற வேண்டும். காய்ச்சல் பார்ப்பது அல்ல. 100 டிகிரிக்கு மேல் காட்டுவது. வால்வின் மேலேயே எண் பொறித்திருக்கும். 82 என்று இருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் முழுதாக மூட வேண்டும்.

அண்ணாச்சி உதிரிபாகக் கடையில் இரண்டு வாங்கி வந்தார். ஒர்க்‌ஷாப் பக்கத்து டீக்கடை அடுப்பில் இரண்டையும் தொங்கவிட்டோம். ஒன்று சொன்ன சூட்டில் திறந்தது. மற்றது தண்ணீர் கொதித்தும் வாயைத் திறக்கவில்லை. டப்பா பிரிக்காத புதுச் சாமான்! சோதிக்காமல் அதைப் போட்டிருந்தால் வண்டி மறுபடி கொதித்திருக்கும். தெர்மோஸ்டாட் வேண்டாத சாமான் என்பது இன்னொரு தடவை ருசுவாகியிருக்கும்.

பொருத்துவதில் பெரிய வித்தை இல்லை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கூட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைக் கீறல் விழாமல் சுரண்ட வேண்டும். மெழுகுக் குப்பி என்ஜின் பக்கம் பார்த்து இறங்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் சூடு அதற்கு எட்டாது. தட்டில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பக்கவாட்டில் நிற்கும் வால்வானால் அது மேலே வரும்படி வைக்க வேண்டும். புது பேக்கிங் போட்டு, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சீராக இறுக்கி, மெதுவாகக் கூலண்ட் ஊற்றி, காற்று வெளியேறும் வரை மூடி இல்லாமல் ஓடவிட வேண்டும்.

கூலண்ட் விஷயத்திலும் இதே வெயில் ஊர் வாதம் உண்டு. உறையாமல் இருக்கத்தான் அது, நமக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்பார்கள். கூலண்ட் கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும், துருவையும் தடுக்கும். வெறும் தண்ணீரால் உப்பும் துருவும் படிந்து வால்வு மாட்டிக்கொள்வது வழக்கம். நாலு வருஷத்துக்கு முன் முதல் வால்வு பழுதானதும் அப்படித்தான் இருக்கும் என்றார் மேஸ்திரி.

2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 விதிப்படி வருகிற புது லாரிகளில் இந்தக் கதைக்கு இடமில்லை. என்ஜின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். பழைய லாரி வாய் திறந்து சொல்லாது. டீசல் கணக்கிலும் ஆயில் நிறத்திலும் காலை நேரத்து மீட்டர் முள்ளிலும் அது சொல்வதை நாம்தான் கவனிக்க வேண்டும். மெக்கானிக் ஏதாவது பாகத்தை எடுத்துவிட்டு வண்டி ஓடுகிறது என்று காட்டினால், அது எதற்காக அங்கே இருந்தது என்று ஒரு கேள்வி கேட்பதற்குக் காசு செலவில்லை.

அண்ணாச்சி வண்டியை விற்கவில்லை. மாட்டிய வால்வின் விலை சில நூறு ரூபாய். அதற்கு முன் மாற்றிய கோருக்கும் பம்புக்கும் கொடுத்ததை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பொன்முடி போனபோது நானும் முன் சீட்டில் இருந்தேன். கல்லாறு தாண்டி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனோம். முள் நடுவிலேயே நின்றது. மேலே போய் நிறுத்தியதும் மகன் கட்டுப் போட்ட கையோடு இறங்கி, பழக்கத்தில் ரேடியேட்டர் பக்கம் போனான். அண்ணாச்சி ஸீட்டிலிருந்தே சத்தம் போட்டார்: "ஏல, அதைத் தொடாத. ஆறட்டும்."