படிச்ச பிள்ளைங்களே ஊசிக்குத் தயங்கியது ஏன்? ஆரணி தறி வீடுகள் சொல்லும் பாடம்

'காலேஜ் படிக்கிற பிள்ளைங்களே ஊசி போடப் பயந்தா எப்படி?' கொரோனா காலத்தில் பல வீடுகளில் கேட்ட கேள்வி இது. படிப்பு இருந்தால் தயக்கம் இருக்காது என்று நாமாக முடிவு செய்துகொண்டோம். நிஜம் அப்படி இல்லை.

தடுப்பூசித் தயக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூன்று காரணங்களைச் சொல்கிறது: அலட்சியம், நம்பிக்கைக் குறைவு, வசதிக் குறைவு. மூன்றையும் நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம்.

'எனக்கு வந்தா சளி மாதிரி போயிடும்'

இளைஞர்களுக்குக் கொரோனா பெரும்பாலும் லேசாகவே வந்துபோனது. அதனால் அவசரம் தெரியவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் மட்டும் 100 பேருக்கு மேல் தொற்று பரவியது. விடுதியில் ஒருவருக்கு வந்தால் அங்கேயே நிற்காது. ஆரணி போன்ற நெசவு ஊர்களில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும். விடுதியிலிருந்து திரும்பும் பிள்ளையும் தாத்தா பாட்டியும் இருப்பது ஒரே கூரையின் கீழ்.

யாரை நம்புவது?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழுவும் பின்னர் அதையே உறுதிசெய்தது. ஆனால் அதற்குள் வாட்ஸ்அப் முந்திக்கொண்டது. அடுத்த இரண்டே வாரத்தில், மே 1 முதல், 18 வயதைக் கடந்தவர்களுக்கும் தடுப்பூசி என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

இந்தத் தலைமுறைக்கு வதந்தி புதிதும் இல்லை. 2017 பிப்ரவரியில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் தகவல்களால் பல பெற்றோர் மறுத்தார்கள். அன்று பள்ளியில் இருந்த அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் 2021ல் கல்லூரியில் இருந்தார்கள்.

போடணும்னு நினைச்சாலும்...

18 முதல் 44 வயதினருக்கு முதலில் ஆன்லைன் பதிவு கட்டாயம். கோவின் தளமோ ஆங்கிலத்தில் இருந்தது. ஜூனில் மற்ற இந்திய மொழிகள் வந்தபோதும் தமிழ் சற்றுத் தாமதமாகத்தான் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய தடை கூலி. நெசவில் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. தறி நின்றால் வருமானமும் நிற்கும். கல்லூரி மூடியிருந்த மாதங்களில் தறியில் கை கொடுத்த பிள்ளை, ஊசி போட்டு ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த வீட்டுக்கு நஷ்டம். இதை அறியாமை என்று சொல்ல முடியுமா? அது வீட்டு பட்ஜெட்.

எது வேலை செய்தது?

2021 செப்டம்பர் 1ல் கல்லூரிகள் திறந்தன. செப்டம்பர் 12ல் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் அதிகமான டோஸ்கள் போடப்பட்டன. ஊசி வீட்டருகே வந்ததும் கூட்டமும் வந்தது. கறி, மது சாப்பிடும் நாளில் ஊசி கூடாது என நம்பியவர்கள் ஞாயிறு முகாமைத் தவிர்த்தார்கள். அரசு அவர்களைத் திட்டவில்லை, அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது.

அடுத்த பெருந்தொற்றுக்கும் இந்த அணுகுமுறைதான் தேவை. 'போடலைன்னா உள்ளே விடமாட்டோம்' என்றால் சான்றிதழ் கிடைக்கும், சந்தேகம் போகாது. விடுமுறைக்கு முந்தைய நாளில் கல்லூரியிலேயே முகாம் வைக்கலாம். காய்ச்சல் வரும், மிக அரிதாக வேறு பிரச்னைகளும் வரலாம் என்பதை முன்கூட்டியே தமிழில் சொல்லலாம். கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்ல, மாணவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்கணும். தினக்கூலிக் குடும்பங்களுக்கு அந்த ரெண்டு நாள் கூலியை ஈடுசெய்வது பற்றியும் அரசு யோசிக்கணும்.

மாணவர் தனியாக முடிவெடுப்பதில்லை. அம்மாவின் பயம், அப்பாவின் கூலி, நண்பனின் வாட்ஸ்அப் எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு. ஊசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த வீடு முழுவதோடும் பேச வேண்டும்.