நாய்ப் பயிற்சியும் தபால் வழிக் கல்வியும்

நாயைப் பழக்கும் கலையைத் தபால் வழியாகக் கற்பிக்க இயலுமா என்னும் கேள்வி முதன்முதலில் செவியில் விழும்போது நகைப்பையே உண்டாக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுவதும் எளிது. ஆயினும் நாய்களின் நடத்தையைப் பற்றியும் அவற்றைப் பழக்கும் முறைகளைப் பற்றியும் தபால் மூலமாகவும், இப்பொழுது கணிப்பொறி மூலமாகவும் பாடம் நடத்தும் ஸ்தாபனங்கள் பல தோன்றிவிட்டன. கால்நடைத் துறைப் பணியாளர், வனக் காவலர், பள்ளி ஆசிரியர், நாய் வளர்ப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் எனப் பலதரப்பட்டோர் இப்பாடங்களில் சேரக்கூடும். அவர்கள் செலவிடும் பணத்துக்கும் உழைப்புக்கும் தக்க பயன் கிட்டுமா என்பது நகைத்துத் தள்ளத்தக்க விஷயமன்று.

இந்நாட்டில் நாயைப் பற்றிய அறிவு எவ்வளவு அவசியம் என்பதைக் களப்பணியாளருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பு தெருநாய்களின் தொகையை ஏறத்தாழ 1 கோடியே 53 லட்சம் என்று காட்டியது. வீட்டு நாய்கள் இதில் சேரா. வெறிநாய்க்கடி ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆனால் நாயை முறையாக அறிந்துகொள்ள ஒருவர் விரும்பினால் எங்கே செல்வது? குவாலியருக்கு அருகே டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் நாய்ப் பயிற்சி நிலையமும், மீரட்டில் ராணுவக் கால்நடைப் பிரிவின் நிலையமும் புகழ் பெற்றவை. அவை படைகளுக்கும் காவல் துறைக்கும் உரியவை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணியாளரோ மலைக்கிராமத்து ஆசிரியரோ அங்கு இடம் கேட்க முடியாது. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் தபால் வழிக் கல்வியைத் தொடங்கியபோதும், 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோதும் மனத்தில் கொள்ளப்பட்டவர்கள் இத்தகையோரே: வேலையை விட்டு வர இயலாதவர், கல்லூரி இல்லாத ஊரில் வாழ்பவர். தபால் வழியே கூடாது என்பவர், இவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவையும் சாத்துகிறவர் ஆவார்.

நாயைக் கற்பது என்பதில் இரு வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. நாயை அறிதல் ஒன்று; நாயைக் கையாளுதல் மற்றொன்று. முன்னதைப் பொறுத்தவரை, காகிதத்தின் வழியாகவே அது உலகெங்கும் பரவியது என்பதை மறந்துவிடலாகாது. பாவ்லாவின் பீட்டர்ஸ்பர்க் பரிசோதனைச்சாலையை நேரில் கண்டவர் சிலரே. நற்பயன் தரும் செயல் மீண்டும் நிகழும் என்ற விதியைப் பூனைகளைக் கொண்டு கண்டறிந்த அமெரிக்கர் தார்ன்டைக்கின் ஆய்வு 1898-இல் அச்சேறியது. அதைப் படித்தே பலர் தெளிவுற்றனர். 1951-இல் ஸ்கின்னர் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் சிறப்பாக நினைக்கத்தக்கது. விரலால் அமுக்கினால் 'டிக்' என்று ஒலிக்கும் தகரப் பொம்மை ஒன்றையும் சிறிது உணவையும் வைத்துக்கொண்டு, வீட்டுச் சமையலறையிலேயே நாய்க்கு எவ்வாறு கற்பிக்கலாம் என்பதை அதில் அவர் படிப்படியாக விளக்கினார். ஒலிக்குப் பின் உணவு என்பதை முதலில் நாய் உணர வேண்டும். பிறகு, வேண்டிய செயலை நோக்கி அது எடுத்துவைக்கும் ஒவ்வொரு சிற்றடிக்கும் அந்த ஒலி பரிசாக வேண்டும். ஆசிரியர் அமெரிக்காவில், மாணவர் எங்கோ ஒரு மூலையில். இது தபால் வழிப் பாடமன்றி வேறென்ன?

நடத்தையைக் கூர்ந்து நோக்கும் பயிற்சியும் தூரத்திலிருந்து கற்பிக்கத்தக்கதே. இதில் தூரக் கல்விக்கு ஓர் அனுகூலமும் உண்டு. வகுப்பறையில் நாய் இராது. மாணவர் வாழும் தெருவில் இருக்கும். விலங்குகளை நோக்கிக் குறிப்பெடுக்கும் முறைகளை ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒழுங்குபடுத்தி எழுதினார். ஆப்பிரிக்காவின் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர் அவர். ஆயினும் அவருடைய முறை தேநீர்க் கடை வாசலில் படுத்திருக்கும் நாய்க்கும் அப்படியே பொருந்தும். ஒரு நாயை மட்டும் தெரிந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷ நேரம் அதனின்றும் கண்ணை எடுக்காமல், அது செய்வனவற்றைச் செய்த வரிசையிலேயே எழுத வேண்டும். கண்ணைக் கவரும் சண்டைகளை மட்டும் எழுதிவைத்தால், நாய் நாள் முழுவதும் சண்டையிடும் பிராணி என்ற பொய்க்கணக்கே மிஞ்சும். உண்மையில் பத்து நிமிஷங்களில் எட்டு நிமிஷம் அது உறங்கியிருக்கலாம். அந்த எட்டு நிமிஷங்களையும் எழுதியாக வேண்டும் என்பதே புதிய மாணவருக்குக் கசப்பான பாடம்.

"நாய் கோபமாக இருந்தது" என்பது குறிப்பாகாது, அது தீர்ப்பு. காதுகள் பின்னுக்கு மடிந்திருந்தன, உடற்பாரம் பின்னங்கால்களில் சாய்ந்திருந்தது, வாய் மூடியிருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் நோக்கிற்று, இருமுறை நாவால் மூக்கை நக்கிற்று என்று எழுதினால் அது குறிப்பு. இவ்வாறு எழுதப் பழகியவருக்கு அந்த நாய் கோபம் கொண்டதன்று, அச்சம் கொண்டது என்பது தானே விளங்கும். அஞ்சிய நாயை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு செல்லும் குழந்தையைத் தடுக்க வேண்டியவர் பெரும்பாலும் ஆசிரியரே. வால் ஆட்டும் நாய் கடிக்காது என்று நம்பிக் கடிபட்டவர் பலர். வாலின் அசைவும் ஒரே பொருள் உடையதன்று. இத்தாலியின் பாரி நகரத்தில் 30 நாய்களை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, எஜமானரைக் கண்ட நாயின் வால் வலப்புறமும், மிரட்டும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்புறமும் மிகுதியாகச் சாய்ந்தது. வால் ஆடுகிறது என்று மட்டும் எழுதி நிறுத்துகிறவர் பாதியைத்தான் கண்டிருக்கிறார்.

இவ்விடத்தில் பாடங்களின் மொழியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இப்பாடங்களிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே கிடைக்கின்றன. நாய்களோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மக்களின் மொழிகளில் இதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. குரைத்தல், உறுமுதல், முனகுதல், ஊளையிடுதல், வாலைக் குழைத்தல், வாலை இடுக்குதல், மயிர் சிலிர்த்தல் என்று தமிழில் மட்டுமே எத்தனை! பாடம் எழுதுவோர் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஆடு மேய்ப்போரிடம் ஒரு பகல் கழித்தால் கலைச்சொற் பட்டியலில் பாதி நிறைந்துவிடும்.

இனி, கையாளுதல். தூரக் கல்வி இடறி விழும் இடம் இதுவே. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்னும் குதிரை கூட்டல் கழித்தல் கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறியதாகப் பெரும் புகழ் பெற்றது. ஆஸ்கர் பங்ஸ்ட் என்பார் அதைப் பொறுமையாகச் சோதித்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்பவர் தாம் அறியாமலே தலையை அணுவளவு அசைத்தார். அதைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்திற்று. கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. அக்குதிரையின் சொந்தக்காரர் ஏமாற்றுக்காரரல்லர்; நேர்மையானவர். தம் உடல் என்ன பேசுகிறது என்பதை மட்டும் அவர் அறியவில்லை. நாயைப் பழக்கும் புதியவர் ஒவ்வொருவரும் இந்த நிலையிலேயே இருக்கிறார். "உட்கார்" என்று சொல்லுமுன் தோளைச் சாய்க்கிறார்; நாய் தோளைக் கற்கிறது, சொல்லைக் கற்பதில்லை. உணவை இரண்டு விநாடி தாமதித்துக் கொடுக்கிறார். அதற்குள் நாய் எழுந்துவிட்டது. எழுந்ததற்கே பரிசு கிடைத்ததாக அது கொள்கிறது. பிறகு "இந்த நாய்க்கு மூளை இல்லை" என்ற முடிவுக்கு வருகிறார். இத்தவற்றைச் செய்பவர் தாமே காண இயலாது. அருகில் நின்று வேறொருவர் சொல்ல வேண்டும். அச்சிட்ட பாடத்துக்குக் கண் இல்லை.

அதற்காகக் கதவைச் சாத்திவிட வேண்டும் என்பதில்லை. கைபேசியில் மூன்று நிமிஷப் படம் எடுத்து அனுப்புவது இன்று கடினமன்று; அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, பரிசு தாமதித்த இடத்தைக் குறித்துத் திருப்பி அனுப்ப ஓர் ஆசிரியர் இருந்தால் போதும். அத்தகைய ஆசிரியர் இல்லாமல் கேள்வித்தாளை மட்டும் திருத்தி அனுப்பும் ஸ்தாபனங்களும் உண்டு. சேருமுன் இதைக் கேட்டறிவது நலம். நாயே இல்லாமல் பழகும் வழியும் ஒன்றுண்டு. இரண்டு ஆசிரியர்கள் ஓய்வறையில் விளையாடலாம். ஒருவர் நாய், மற்றவர் பயிற்சியாளர். பேச்சுக் கூடாது. ஜன்னலைத் திறக்க வைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் மனத்தில் எண்ணிக்கொண்டு, அத்திசையில் எடுத்த ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை கை தட்டுகிறார். கைதட்டல் ஒரு நொடி பிந்தினால் 'நாய்' குழம்பிப்போய் நாற்காலியைச் சுற்றி வரும். பிந்திய பரிசின் தீமையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் பாடப் புத்தகம் இல்லை. வகுப்பில் மாணவரை எப்பொழுது பாராட்டுவது என்பதும் இதனால் சற்று விளங்கலாம்.

இவ்வளவு செய்தபின்னும் நேர்முக வகுப்பு வேண்டும். ரசாயனத்தைத் தூரத்திலிருந்து கற்பிக்கும் பல்கலைக்கழகமும் பரிசோதனைக்கு மாணவரைப் படிப்பு மையத்துக்கு அழைக்கிறது. வனவிலங்குக் கடத்தலைக் கண்டுபிடிக்கும் மோப்ப நாய்களை அரசாங்கம் பயிற்றும்போது, நாயும் அதை நடத்தும் வனக் காவலரும் பயிற்சி நிலையத்தில் பல மாதங்கள் ஒன்றாகத் தங்கியே கற்கிறார்கள். அந்தப் பணியைத் தபாலில் கற்பிப்பதாக எவரேனும் விளம்பரம் செய்தால் அதை நம்பலாகாது.

காலம் என்பது மற்றொரு சிக்கல். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் ஸ்காட், புல்லர் இருவரும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1965-இல் நூலாக வந்தது. நாய்க்குட்டி மனிதரோடும் பிற உயிர்களோடும் உறவு கொள்ளப் பழகும் பருவம் ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைதான் என்று அது காட்டிற்று. எட்டு வாரக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்றே பாடத்திலும் சேர்கிறார் ஒருவர் என்று கொள்வோம். குட்டியைப் பழக்கும் பகுதி மூன்றாம் மாதத்தில் வருமானால், பாடம் வருமுன் பருவம் போய்விடும். அக்குட்டி வளர்ந்து அந்நியரைக் கண்டு அஞ்சிக் கடிக்கும்போது, குறை பாடத்திலா வரிசையிலா என்று எவரும் ஆராய்வதில்லை. அவசரமான பகுதியை முதல் உறையிலேயே அனுப்புவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பாடம் எழுதப்பட்ட ஆண்டையும் கேட்க வேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆளுகிறது, ஆகவே நாயையும் அடக்கி ஆள வேண்டும் என்ற கொள்கை இன்னும் பல பாடங்களில் உலவுகிறது. அதன் வேர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து ஷெங்கல் 1947-இல் எழுதியதில் இருக்கிறது. அக்கருத்தைத் தம் 1970-ஆம் ஆண்டு நூலால் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, காட்டு ஓநாய்களை அருகிருந்து பல ஆண்டுகள் கண்டபின், 1999-இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, குட்டிகள் அடங்கிய குடும்பமே. விஞ்ஞானி தம் தவற்றை ஒப்புக்கொண்டார். பாடப் புத்தகம் ஒப்புக்கொள்ளவில்லை. இது வெறும் ஏட்டு விவாதமன்று. அடித்தும் சங்கிலியைச் சுண்டியும் பழக்கும் முறைக்கு இக்கொள்கையே சாக்கு. போர்ச்சுகல் நாட்டில் 92 நாய்களைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டனை முறையில் பழகிய நாய்களிடம் மன இறுக்கத்தின் அறிகுறிகள் மிகுந்து காணப்பட்டன. மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வேல்ஸ் நாடு 2010-இலேயே தடை செய்துவிட்டது.

நம் தெருநாய்களைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சியும் பாடங்களில் இடம்பெற வேண்டும். அனிந்திதா பத்ரா குழுவினர் 160 தெருநாய்களைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவு சுவையானது. ஏறக்குறையப் பாதி நாய்கள் அருகில் வரவே இல்லை. வந்தவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, முன்பின் அறியாத மனிதர் விரலால் சுட்டிக்காட்டிய கிண்ணத்தைத் தேடிச் சென்றன. எவரும் பழக்காமலே அவை மனிதனின் கையைப் படிக்கின்றன.

பயிற்சிக் குறிப்பேடு எழுதச் சொல்லும் எந்தப் பாடமும் முதற்பக்கத்தில் அச்சிட வேண்டியது ஒன்றுண்டு. தெருநாயைத் தூரத்திலிருந்தே நோக்க வேண்டும்; தொடலாகாது. பல் அல்லது நகம் பட்டால், எவ்வளவு சிறிய கீறலாயினும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்றுவது அநேகமாக இயலாது.

இறுதியாகச் சான்றிதழ். கால்நடை மருத்துவம் செய்வோரை 1984-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டில் கொண்டுவந்திருக்கிறது. நாய்ப் பயிற்சியாளருக்கு அத்தகைய தேசியப் பதிவேடு இல்லை. ஆகவே தபாலில் வந்த காகிதத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு, கடிக்கும் நாயைத் திருத்தித் தருவதாக ஒருவர் பெயர்ப்பலகை வைக்கலாம். அவரை நம்பி வரும் வீட்டில் சிறு குழந்தை இருக்கலாம். இதைத் தடுக்கப் பாடம் நடத்துவோர் தாமே முன்வர வேண்டும். எழுத்துப் பரீட்சையில் மட்டும் தேறியவருக்கு "நாயின் நடத்தை பற்றிய பாடங்களைப் படித்துத் தேறினார்" என்று எழுதித் தரட்டும். அதற்கும் மதிப்புண்டு, ஆசிரியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் அதுவே போதும். "பயிற்சியாளர்" என்ற சொல்லை எழுதுமுன், மாணவரை நேரில் வரவழைத்து, அவர் முன்பின் பார்த்திராத ஒரு நாயைக் கொடுத்து, அரைமணி நேரத்தில் அவர் அதற்கு என்ன கற்பிக்கிறார் என்பதையும், அந்நேரத்தில் அந்த நாயின் காதும் வாலும் எவ்வாறு இருந்தன என்பதையும் இரண்டு பேர் அமர்ந்து குறித்துக்கொள்ளட்டும்.