சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இரவில், பிள்ளைகளோடு வரும் வழியில் பேட்டரி இறங்கிவிடுகிறது. உதவிக்கு நின்ற வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் அவசரத்தில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறிவிடுகின்றன. ஒரு பொறி, கருகல் வாசனை, பின்பு இருள். (1985-இல் தொடங்கப்பட்ட அமரராஜா நிறுவனத்தின் பேட்டரித் தொழிற்சாலை அதே திருப்பதியை அடுத்த கரகம்பாடியில்தான் இருக்கிறது!)

கலங்காதிருங்கள். பெரும்பாலும் முதலில் உருகுவது பிரதான ஃபியூஸே. தான் எரிந்து மற்றவற்றைக் காக்கவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு அதைச் சோதியுங்கள். அதே ஆம்பியர் உள்ளதையே மாற்றவேண்டும். சாலையோரத்தில் யாரேனும் செம்புக் கம்பியைச் சுற்றித்தர முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். வயரிங் முழுவதும் தீப்பற்றக்கூடும்.

அதன் பின்னும் பேட்டரி விளக்கு அணையவில்லையெனில், ஆல்டர்னேட்டரின் டையோடுகள் எரிந்திருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் ஏறக்குறைய 14 வோல்ட் காட்டவேண்டும். டையோடுகளை மட்டும் மாற்றித்தரும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. முழு ஆல்டர்னேட்டரையும் வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். 'கம்ப்யூட்டர் போய்விட்டது' என்பவரிடமும் அப்படியே. அதுவே செலவு மிகுந்தது. அதன் ஃபியூஸ்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கம்பி மாட்டுகையில் நிறத்தை நம்பாமல், பேட்டரியின்மேல் பொறித்த கூட்டல், கழித்தல் குறிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் இரண்டு கம்பிகளுமே கறுப்பாய் இருப்பதுண்டு. கடைசிக் கறுப்புக் கவ்வியை, இறங்கிய பேட்டரியில் அல்ல, அதற்கு எட்டத்தில் எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பொறிபட்டால் வெடிக்கும்.