கட்டளையும் காரணமும்

காஞ்சியில் எங்கள் தெருவில் முதிய நெசவாளர் ஒருவர் வாழ்ந்தார். என் இளமையில், மின்விளக்கு அணைந்துபோன இரவுகளில், அவர் வீட்டுத் தறிக்குழியின் அருகே எண்ணெய் விளக்கை எவரும் கொண்டுசெல்ல இயலாது. "விளக்கைத் திண்ணையில் வை" என்பார். அம்மட்டில் நில்லாது, "ஒரு துளி எண்ணெய் பட்டில் பட்டால் என் உழைப்பெல்லாம் பாழ், அப்பா" என்றும் சொல்லுவார். காரணம் அறிந்தமையால் சிறுவராகிய நாங்கள் அவர் இல்லாத வேளையிலும் அக்கட்டளையை மீறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரிலுள்ள என் மகளைக் கண்டு விமானத்தில் திரும்பினேன். அருகில் அமர்ந்த மூதாட்டியார், பேரன் வாங்கித் தந்த பவர் பேங்கைப் பையிலிட்டுத் தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் நீண்டதோர் அறிவிப்பு வந்தது. "என்ன சொல்லுகிறார்கள், ஐயா?" என்று வினவினார். "கைப்பேசியை அணைக்கச் சொல்லுகிறார்கள், அம்மா" என்றேன். அறிவிப்பை நான் பாதியே கேட்டிருந்தேன்; காரணமோ எனக்கும் தெரியாது. நாற்பதாண்டு பிறர்க்குப் பொருள் விளக்கிய எனக்கு அது நாணமாகவே இருந்தது. பின்னர்க் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முற்காலத்தில் விமானத்துள் கைப்பேசியை முற்றிலும் அணைத்தல் வேண்டும் என்பதே விதி. அதன் அலைகள் விமானியின் கருவிகளுக்கும் வானொலித் தொடர்புக்கும் இடையூறு செய்யக்கூடும் என அஞ்சினர். 2014-ஆம் ஆண்டில் நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், தொடர்பைத் துண்டித்த 'விமான நிலை'யில் அதனைப் பயணம் முழுதும் பயன்படுத்தலாம் என இசைவு தந்தது. மடிக்கணினி போன்ற கனத்த பொருள்களை மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒதுக்கி வைத்தல் வேண்டும். விமானம் திடுமெனக் குலுங்கினால் அவை பிறர் தலையைத் தாக்கும்.

ஆகவே விதி தளர்ந்துவிட்டது என்று பலர் எண்ணினர். அன்று, ஓர் அச்சம் தணிய, வேறோர் அச்சம் வளர்ந்தது. அது லித்தியம் மின்கலத்தைப் பற்றிய அச்சம். அக்கலம் நசுங்கினாலோ பழுதுற்றாலோ தன்னுள்ளே வெப்பத்தைப் பெருக்கிக்கொண்டு எரியும். தீயணைப்பான் வெளிச்சுடரை அடக்கும். உள்வெப்பத்தைத் தணிப்பது நீரே.

2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேற்பெட்டியறையிலிருந்த சாம்சங் நோட் 2 கைப்பேசி ஒன்று புகைந்தது. பணியாளர் முதலில் தீயணைப்பானைப் பயன்படுத்தினர். பின் அக்கைப்பேசியை எடுத்து நீர் நிறைந்த கலத்தில் இட்டுக் கழிவறையில் வைத்தனர். விமானம் நலமே சென்னையில் இறங்கியது. அந்த மூதாட்டியாரும் நானும் வந்த வழியும் அதுவே அன்றோ?

2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில் நிகழ்ந்தது இன்னும் பெரிது. புறப்பட நின்ற ஏர் பூசான் விமானத்தின் மேற்பெட்டியறையில் தீ மூண்டு, விமானமே எரிந்தது. 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பேங்கே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். மார்ச்சு முதல் நாள் தொட்டு, மேற்பெட்டியறையில் பவர் பேங்க் வைத்தலை அந்நாடு தடுத்தது.

சரக்கறைக்குச் செல்லும் பெட்டியுள் பவர் பேங்க் கூடாது என்பதன் பொருளும் இதனால் விளங்கும். ஆளில்லாத இடத்தில் எழும் புகையை யார் காண்பார்? கைப்பேசி இருக்கையின் இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்கலாகாது என்பதும் அவ்வாறே. அசைத்தால் கலம் நசுங்கும். மாணவர்களே, உங்களுள் எத்தனை பேர் இதனை அறிவீர்கள்?

2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யுமாறு பணித்தது. கோயில் நகரத்தானாகிய எனக்கு அதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. சந்நிதியின் அமைதி தானே விளங்கும். லித்தியத்தின் குணம் அங்ஙனம் தானே விளங்குவதன்று. அதனைச் சொல்லியே ஆகவேண்டும். கேட்பவர் மொழியில் சொல்லவேண்டும்.

விமான நிலையங்களில் வட்டார மொழியில் முதலில் அறிவிக்க வேண்டும் என்று 2018-இல் நடுவண் அமைச்சகம் பணித்தது. நன்று. ஆயின் தீ மூள்வது விமானத்தினுள்ளே. அங்கே தமிழறிந்த விமானியர் சிலர் தாமாக விரும்பித் தமிழில் பேசுகின்றனர். அவ்விருப்பம் விதியாதல் வேண்டும் என்பது என் கருத்து. காரணம் கூறினால் பயணியர் அஞ்சுவர் என்பாரும் உளர். உயிர்காப்பு அங்கியைக் காட்டும்போது அஞ்சாதவரா இதற்கு அஞ்சுவர்? நேரமில்லை என்பார்க்கு நான் எழுதிவைத்தது இது: "பவர் பேங்கைக் கையருகே வையுங்கள், புகைந்தால் உடனே தெரியவேண்டும். கைப்பேசி இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள், நசுங்கினால் தீப்பற்றும். எங்களை அழையுங்கள்." கடிகாரத்தை எதிரே வைத்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன். 20 நொடிகூட ஆகவில்லை.