ஏறாத இருநூறு



மாதம் இருநூறு! நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஆறு ரூபாய் அறுபத்தாறு காசு! தேநீர்க் கடையில் அதை நீட்டினால் கடைக்காரர் காசையும் பார்ப்பார், காசு நீட்டியவர் முகத்தையும் பார்ப்பார். கோப்பையை மட்டும் நீட்டமாட்டார். அந்தத் தொகையைத்தான் நாட்டிலுள்ள ஏழை முதியவருக்கெனத் தன் பங்காக டில்லி எடுத்து வைக்கிறது. எடுத்து வைத்தது 2006ஆம் ஆண்டில். அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, பள்ளியை முடித்துக் கல்லூரியையும் முடித்துவிட்டது. அரிசி விலை ஏறிற்று, மருந்து விலை ஏறிற்று, பேருந்துக் கட்டணம் ஏறிற்று. இருநூறு மட்டும் ஏறவில்லை. 2025இலும் அதே இருநூறு!

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் பிறந்தது. 65 வயது கடந்த ஆதரவற்ற முதியவருக்கு மாதம் 75 ரூபாய் என்றனர். 2006இல் அது 200 ஆயிற்று. 2007இல் இந்திரா காந்தி பெயர் சூட்டினர். 2011இல் வயது வரம்பை 60 ஆகக் குறைத்து, 80 வயதைத் தாண்டியவருக்கு 500 என்றனர். 2009இல் விதவையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனித்தனித் திட்டங்கள் வந்தன. 2012இல் அவை 300 ஆயின. அதற்குப் பின்? மௌனம்! ஆட்சி மாறியது, திட்டக்குழு மறைந்தது, புதிய நாடாளுமன்றக் கட்டடமே எழுந்தது. மௌனம் மட்டும் கலையவில்லை. இத்தொகை போதாது, உயர்த்துக என்று ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஒரு முறையல்ல, பல முறை பரிந்துரைத்தது. அது எதிர்க்கட்சிக்காரன் கூக்குரலல்ல, எல்லாக் கட்சியினரும் அமர்ந்து எழுதிய அறிக்கை. அறிக்கைகள் அடுக்கில் ஏறின. தொகை ஏறவில்லை.

ஏறியதே இல்லையா எதுவும் என்று கேட்பாய். ஏறியது உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 2010இல் 50,000 ஆயிற்று. 2018இல் ஒரு இலட்சம் ஆயிற்று. அதோடு நின்றனரா? ஐந்தாண்டுக்கு ஒரு முறை, விலைவாசிக் குறியீட்டுக்கு ஏற்ப, யாரும் கேளாமலே, தானே உயரும்படி அதே 2018இல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டனர். அதன்படி 2023 ஏப்ரல் முதல் 1,24,000 என்று 2025 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. முன்னாள் உறுப்பினருக்கு ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000 ஆயிற்று. பெறட்டும்; நமக்குப் பொறாமை இல்லை. அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறதே, அதையும் நாம் குறை கூறவில்லை. அது போராடிப் பெற்ற உரிமை. நாம் கேட்பது ஒன்றே. விலைவாசி என்னும் பேய் மாடியில் குடியிருப்போரை மட்டும்தான் பிடிக்குமா? குடிசையில் படுத்திருக்கும் எழுபது வயதுக் கிழவியைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடுமா?

இன்னொரு கொடுமையைக் கேள். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றினர். நல்ல சட்டம், மனமாரப் பாராட்டலாம். அதன் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? பிறருக்கு அளிக்கும் இத்தகைய உதவியைக் காட்டிலும் மாற்றுத்திறனாளிக்கு அளிப்பது குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருத்தல் வேண்டும் என்கிறது. விதவையருக்கு டில்லி தருவது 300. அப்படியாயின் மாற்றுத்திறனாளிக்கு 375 அன்றோ வரவேண்டும்? தருவது அதே 300! அந்த முந்நூறுதான் எல்லோருக்கும் கிடைக்கிறதா? சட்டம் 40 சதவீத ஊனத்தைக் கணக்கில் எடுக்கிறது. டில்லியின் திட்டமோ 80 சதவீதம் கேட்கிறது. நாற்பதுக்கும் எண்பதுக்கும் இடையே நிற்பவன் சட்டத்தின் கண்ணுக்கு மாற்றுத்திறனாளி, கருவூலத்தின் கண்ணுக்கு முழு மனிதன்! சட்டம் செய்தவரும் அவர்களே, திட்டம் வகுத்தவரும் அவர்களே. வலக்கை எழுதியதை இடக்கை படிப்பதில்லை போலும்.

அரசியல் சட்டத்தில் இதற்கு இடமில்லையா? இருக்கிறது. 41ஆவது பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடற்குறை ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமை பற்றித் தெளிவாகப் பேசுகிறது. 'பொருளாதார வலிமைக்கு உட்பட்டு' என்றொரு தாழ்ப்பாளையும் அதில் பொருத்திவிட்டனர். போதாதென்று 37ஆவது பிரிவு, இவற்றை நீதிமன்றத்தின் மூலம் நிறைவேற்றச் சொல்ல இயலாது என்று பூட்டும் போட்டது. உரிமை என்று எழுதியிருக்கிறது. வழக்காட வழி இல்லை! ஆயினும், உணவுரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது: ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் முதியோர் தொகை போய்ச் சேரவேண்டும் என்று. இதை நம் தோழர்கள் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. தாலுகா அலுவலகத்தில் பேசும்போது பயன்படும்.

டில்லி கைவிட்ட சுமையைத் தாங்குவது மாநிலங்கள். தமிழகத்தில் 1962இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய முதியோர் உதவி, 2011இல் 1,000 ஆகி, 2023இல் 1,200 ஆயிற்று. டில்லியின் இருநூறு அதற்குள் அடக்கம். ஆயிரத்து இருநூறு போதுமா என்றால், போதாது. பதினொரு, பன்னிரண்டு ஆண்டு அந்த ஆயிரமும் அசையாமல்தான் நின்றது என்பதை நாம் மறைக்கவும் தேவையில்லை.

பணத்தின் அளவைவிட என்னை உறுத்துவது, அதைப் பெறும் வழி. நாடகம் எழுதுகிறவன் நான். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போது பலமுறை யோசிப்பேன். இங்கோ திட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயரைப் பார்! 'ஆதரவற்ற விதவை', 'கணவனால் கைவிடப்பட்டவர்'. விண்ணப்பத்தின் உச்சியில் அதை எழுதி, கிராம நிர்வாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை அதைக் காட்டி, ஆம், நான் கைவிடப்பட்டவள்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்ட பிறகே ஒரு பெண்ணுக்குப் பணம். பிறகு மாதந்தோறும் விரல்ரேகை இயந்திரம். நாற்று நட்டும், கல் சுமந்தும், பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்த விரலை அது அறிய மறுக்கிறது. உழைத்ததற்குச் சான்று கேட்டால் அந்த விரலைத்தானே காட்டமுடியும்!

பிரிட்டனில் 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 70 வயது கடந்த ஏழைக்கு வாரம் 5 ஷில்லிங். அதற்கு முன்பும் ஏழைக்கு உதவி இருந்தது. ஆனால் அது வறியோர் சட்டத்தின் வழியே, வறியோர் விடுதியின் நிழலிலே கிடைத்த உதவி. ஊரார் பார்வையில் மானம் போகும். புதிய தொகையை அந்த வாயிலில் வைக்காமல் அஞ்சலகத்தில் வைத்தனர். 1909 ஜனவரி முதல் நாள், கிழவனும் கிழவியும் கடிதத்துக்கு முத்திரைத்தாள் வாங்குகிறவரோடு வரிசையில் நின்று தம் பணத்தை வாங்கினர். சிக்கனம் கெடும், சோம்பல் வளரும் என்று கூச்சலிட்டோர் அன்று அங்கும் இருந்தனர். அதே கூச்சலை இன்று இங்கே 'இலவசம்' என்ற பெயரில் கேட்கிறோம். எது இலவசம், தோழனே? ஐம்பதாண்டு மண்ணைக் கிளறியவனுக்கு வைப்பு நிதி பிடித்தார் உண்டா? வீட்டு வேலை செய்தவளுக்குப் பணிக்கொடை கொடுத்தார் உண்டா? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டிய கை அது. அன்று கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலியில் ஒரு துளியை இன்று கொடுப்பதற்கு இலவசம் என்றா பெயர்?

இந்த இடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல். மனு எழுதித் தருகிறோம், அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறோம், அது தொண்டு. ஆணை கிடைத்ததும் அந்த அம்மையாரை மேடைக்கு அழைத்து, கைகூப்பச் செய்து, படம் எடுத்துப் போடுகிறோமே, அது என்ன? தன் பணத்தைப் பெறுகிறவள் யாருக்கு நன்றி சொல்லவேண்டும்? தலைவர் தந்தார் என்று இன்று சொல்லப் பழக்கினால், வேறொருவர் நிறுத்தும்போது ஏன் நிறுத்தினாய் என்று கேட்கும் துணிவு அவளுக்கு வருமா? தந்தவர் எடுத்துக்கொண்டார் என்றல்லவா எண்ணுவாள்!

ஆகவே, தேர்தலுக்குத் தேர்தல் நூறு உயர்த்துவோம், இருநூறு உயர்த்துவோம் என்று ஏலம் கூறுவது போதாது. இராசத்தானத்தில் 2023 ஜூலையில் குறைந்தபட்ச வருவாய் உறுதிச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. முதியவர், விதவை, மாற்றுத்திறனாளி ஆகியோரின் ஓய்வூதியம் ஆயிரத்துக்குக் குறையாது, ஆண்டுக்கு 15 சதவீதம் தானே உயரும் என்று அதில் எழுதினர். அதைக் கொண்டுவந்த கட்சி அவ்வாண்டின் இறுதியில் தேர்தலில் தோற்றது. தோற்றவர் செய்ததாயினும் நல்லதை எடுத்துக்கொள்வதில் நமக்கென்ன வெட்கம்? சம்பளச் சட்டத்தில் தமக்கென்று அவர்கள் எழுதிக்கொண்ட அதே விதியை, விலைவாசிக்கு ஏற்பத் தானே உயரும் விதியை, முதியோர் தொகைக்கும் எழுதச் சொல்லி ஒவ்வொரு கிளையிலும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒரு படியை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள், அவர் எந்தக் கட்சியினராயினும். பதில் வந்தால் இந்தப் பக்கத்திலேயே அச்சிடுவோம். வராவிட்டால், பதில் தராதவர் பெயரை அச்சிடுவோம்.